மல்லி அடிக்கும் மதில்

எங்கள் குப்பத்தில் விடிந்ததும் விடியாததுமாக மல்லி வாசம் வந்தால் யார் வீட்டிலோ ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். நிச்சயதார்த்தமாக இருக்கும், பெண் பெரியவளாகியிருப்பாள், இல்லாவிட்டால் யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்த வாசம் இதில் எதிலும் அடங்கவில்லை. பெரிய கல்யாண மண்டபம் ஒன்றைத் தூக்கி வந்து தெருவில் கவிழ்த்ததுபோல அடித்தது. எனக்குத் தெரியாமல் இந்தத் தெருவில் ஒரு விசேஷமா என்று எனக்குப் பெரிய மானக்கேடாகப் போய்விட்டது.

வெளியே வந்தால் பக்கத்து வீட்டுச் சிவந்தி, தன் சின்ன மகள் மாயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூக்கைத் தூக்கியபடி நிற்கிறாள்.

“யக்கா, யாரு வூட்ல விசேஷம்?”

“தெரிலியேடி.”

“உனுக்கே தெரிலியா? அப்ப இந்த ஊர்ல இல்ல.”

வாசம் வந்த வழியே போனோம். அது எங்களை நேராக மேற்குப் பக்கம், மஞ்சள் கேட்டு மதிலுக்குக் கொண்டுபோய் விட்டது. மஞ்சள் கேட்டு என்பது கம்பெனி. அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்களில் யாருக்கும் அது வாயில் நுழையாது. கேட்டு மஞ்சளாக இருக்கிறது, அதனால் மஞ்சள் கேட்டு. பெயின்டுக்கும் பசைக்கும் போடும் ஏதோ ஒன்றை உள்ளே காய்ச்சுகிறார்கள். அது காயும்போது வருகிற நாற்றத்தை எப்படிச் சொல்வது? அழுகின பூண்டை மண்ணெண்ணெயில் வதக்கியதுபோல. காலையில் காற்று மேற்கே கம்பெனிப் பக்கமிருந்து அடிக்கும்; அப்போது எங்கள் வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கும்.

அந்த மதிலின் மேல் புதிதாக ஒரு குழாய் ஓடியது. அடிக்கொரு மூக்கு. ஒவ்வொரு மூக்கிலிருந்தும் வெள்ளையாகப் புகைபோலத் தூறல். மல்லி!

கீழே பிராங்கிளின் ஒரு லட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். ராயபுரத்துப் பையன், கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களோடு அவனுக்கு உள்ள தொடர்பு லட்டு மட்டும்தான். தீபாவளிக்கு ஒருமுறை, கம்பெனியில் ஏதாவது கோளாறு என்றால் ஒருமுறை.

“எடுத்துக்கங்க ஆண்டி. இனிமே இந்த ஏரியாவுல நாத்தம்ன்ற பேச்சே கெடையாது. எல்லாம் உங்க வூட்டுப் பொண்ணு பவானி மேடம் டிபார்ட்மென்ட்டு ஏற்பாடு.”

பவானி என்றதும் சிவந்தி இரண்டு லட்டாக எடுத்துக்கொண்டாள்.

பவானியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கோவிந்தம்மாவின் ஒரே மகள். கோவிந்தம்மா கரையில் ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்கிறவள். குரல் கொடுத்தால் கடலில் இருக்கிற படகு திரும்பிப் பார்க்கும். மகளோ வாயே திறக்காத பெண். படித்தாள், படித்தாள், கிண்டிக்குப் போய்க் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து முடித்தாள். முதலில் கும்மிடிப்பூண்டியில் வேலை. அழுக்கு நீலச் சட்டையும் ஹெல்மெட்டுமாக ரயிலில் போய் வருவாள். பிறகு குஜராத் பக்கம் சில வருஷம். திரும்பி வந்து மஞ்சள் கேட்டில் சேர்ந்தபோது அவள் பதவிக்கு ‘சஸ்டைனபிலிட்டி’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

“அப்பிடின்னா இன்னாடி?” என்று நான் கோவிந்தம்மாவைக் கேட்டேன். யாராவது கேட்கத்தானே வேண்டும்.

“கம்பெனி வுடுற கலீஜ கயுவுற வேல,” என்றாள் அவள். “மாப்ள வூட்டுக்காரங்க கேட்டாலும் அதான் சொல்லுவேன். புடிச்சா கட்டட்டும்.”

ஒருவனுக்கும் பிடிக்கவில்லை. அது வேறு கதை.

எனக்குத் தெரிந்தவரை, பவானிக்குப் பதவி ஏற ஏற அவள் உட்காரும் இடம் பிளான்டிலிருந்து தள்ளித் தள்ளிப் போனது. முதலில் கொதிகலன் பக்கத்தில் ஒரு தகர அறை. அப்புறம் கேன்டீன் மாடி. கடைசியில் மெயின் ரோட்டு ஆபீஸில் கண்ணாடி ரூம். அங்கிருந்து பார்த்தால் புகைக்கூண்டே தெரியாது. வருஷா வருஷம் கம்பெனி ஒரு பளபளப்பான புத்தகம் போடும். ஒரு வருஷம் அட்டையில் கோவிந்தம்மா மீன் கூடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே ‘எங்கள் அண்டை வீட்டார், எங்கள் குடும்பம்’. குடும்பம் என்றால் ஒரு நாளாவது வந்து எங்களோடு மூச்சு விட்டிருக்க வேண்டாமா?

போன வருஷம் எங்கள் ஆட்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஃபைபர் படகுகளைத் தூக்கி வந்து மஞ்சள் கேட்டு ரோட்டில் குறுக்கே போட்டோம். லாரி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பேசுவதற்குக் கம்பெனி அனுப்பியது யாரை? பவானியை. நம் பெண்ணை வைத்தே நம்மை மடக்குவது. அதில் அவர்கள் கில்லாடிகள்.

அவள் எல்லையம்மன் கோயில் வாசலில், ஊர் கூடியிருந்தபோது, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்:

“ஒரு டவர் வெப்போம். காத்தைக் கயுவுற டவர். கெட்ட காத்து அடியிலேர்ந்து மேல ஏறும். மேலேர்ந்து சோடாத் தண்ணி கீய எறங்கும். நாத்தத்தைத் தண்ணி புடிச்சுக்கும். நானே கணக்குப் போட்டு வரைஞ்சது. கம்பெனி ஒத்துகினுச்சு.”

“பன்னீர் சோடாவா, சாதா சோடாவா?” என்று பின்னாலிருந்து ஏலம் கூவுகிற மணி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஊர்த் தலைவர் கருணாகரன் சிரிக்கவில்லை. “வாக்கா?” என்றார்.

“வாக்குதான் பெரிப்பா. அடுத்த ஆடிக்கு அம்மனுக்குக் கூயு ஊத்துறதுக்குள்ள டவர் நிக்கும்.”

எங்கள் ஊரில் கோயில் வாசலில் வாக்கு என்று சொல்லிவிட்டால் அது வாய் வார்த்தை கிடையாது. அது நிற்காவிட்டால், சொன்னவர் வீட்டார் கரை ஏலத்தில் குரல் கொடுக்கக் கூடாது. வாக்கு நிற்கும்வரைக்கும் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். கருணாகரனின் சொந்தத் தம்பியே ஒரு எஞ்சின் விவகாரத்தில் அப்படி நின்றிருக்கிறான். ஏலத்தில் குரல் இல்லாத மீன்காரி, அடுத்தவள் எடுத்து மிச்சம் வைத்ததை வாங்கித்தான் பிழைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் பவானி சொன்னாள். கோவிந்தம்மா மகளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.  படகுகளை எடுத்துவிட்டோம்.

இப்போது புரிகிறதல்லவா, மல்லி வந்ததும் ஊர் ஏன் அவ்வளவு குதித்தது என்று? டவரைக் காணோம்தான். ஆனால் நாற்றமும் போய்விட்டதே! பவானி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்று எல்லோரும் கோவிந்தம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அன்றைக்கு ஏலத்தில் வஞ்சிரத்துக்குக் குரல் கொடுத்தது எர்ணாவூர் வரைக்கும் கேட்டிருக்கும். பவானி மட்டும் ஊரில் இல்லை. ஏதோ பயிற்சி என்று அவளை மும்பைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்த கூத்தைக் கேளுங்கள். வருஷக்கணக்கில் சாத்திக் கிடந்த ஜன்னல்களைத் திறந்தோம். ஆணி அடித்து மூடியிருந்தவர்கள் ஆணியைப் பிடுங்கினார்கள். மதிலோரத்தில் யாரும் நிற்கவே மாட்டார்கள். இப்போது கட்டிலைக் கொண்டுபோய் அங்கே போட்டு மத்தியானத் தூக்கம். பால்வாடி டீச்சர் பிள்ளைகளை அங்கே உட்காரவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். சிவந்தி மாயாவின் தூளியை மதில் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிக் கட்டினாள். “ஃப்ரீயா பூவாசம், வேணாம்னு சொல்லுவாங்களா?” என்றாள். நான் மட்டும் என்ன, சாயங்காலம் ஆனால் முறத்தைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவேன். பேசுவதற்கு ஆள் கிடைக்கும்.

தலைவலி வந்தது. வெயில் என்றோம். கண் எரிந்தது. தூக்கம் இல்லை என்றோம். மாயாவுக்கு ஜல்ப்பு என்றார்கள், பிறகு இருமல் என்றார்கள், பிறகு குழந்தை மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு தெரிந்தது. சிவந்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கே டாக்டர், வீட்டுப் பக்கத்தில் ஏதாவது புகை இருக்கிறதா என்று கேட்டாராம். இவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: “இல்ல சார், எங்க ஏரியா இப்ப ஒரே மல்லி வாசம்.”

அந்த வாரம் பவானி திரும்பி வந்தாள். பெட்டியை வீட்டில் வைக்கவில்லை. அதை இழுத்துக்கொண்டே மதிலுக்குப் போனாள். நான் தற்செயலாகப் பின்னால் போனேன். மேலே ஓடிய குழாயைப் பார்த்தாள், மூக்குகளைப் பார்த்தாள், கீழே தூங்குகிறவர்களைப் பார்த்தாள். முகம் சிவந்து கறுத்தது.

“யாரு போட்டது இத?”

“உன் டிபார்ட்மென்ட்டுன்னு சொன்னாங்களேம்மா.”

“எந்திரிங்க,” என்று கத்தினாள். வாயே திறக்காத பெண்! “எல்லாரும் எந்திரிங்க! கட்டில எடுங்க! புள்ளைங்கள உள்ள இட்டுகினு போங்க!”

தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட மணி, “இன்னா பவானி, நீயே பூ வெச்சிட்டு நீயே புடுங்குற?” என்றான்.

“இது பூ இல்ல மணிண்ணே. சென்ட்டு. குப்பத் தொட்டி மேல சென்ட்டு அடிச்சா குப்ப போயிடுமா? உள்ளேர்ந்து வர்ற காத்து அதே காத்துதான். ஒரு சொட்டு கொறையல. முன்ன நாறுச்சு, மூக்கப் பொத்துனோம், கதவச் சாத்துனோம். இப்ப கதவத் தொறந்து வெச்சு மூச்ச இஸ்துகினு கீறோம். நாத்தம்தான் நம்மளக் காப்பாத்திகினு இருந்துச்சு. அதயும் புடுங்கிட்டாங்க!”

சிவந்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் கூடியது. பவானிதான் கூட்டச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்ன சொல் நின்றதாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்று, “என் வாக்கு நிக்கல,” என்றாள்.

கருணாகரனுக்கே தர்மசங்கடம். “அதான் நாத்தம் இல்லியேம்மா…”

“நான் சொன்னது டவரு. இது ஏமாத்து வேல. டவர் காசத் தூக்கி ரெண்டாவது பிளான்டுக்குப் போட்டுட்டாங்க. இதே மாரி இன்னொண்ணு கட்டப் போறாங்க. அதுக்கு அதிகாரிங்க நம்ம கருத்தக் கேக்குற கூட்டம் வெச்சு, மக்கள் சந்தோசமா கீறாங்கன்னு காட்டத்தான் இந்த மல்லி. அந்தக் கூட்டம் இப்பிடியே தாண்டிப் போச்சுன்னா டவர் எந்தக் காலத்துலயும் வராது.”

“கூயுக்கு இன்னும் நாள் கீதே. பாத்துக்கலாம்,” என்றார் தலைவர்.

“வராதுன்னு எனுக்கே தெரியும் பெரிப்பா. தெரிஞ்சுகினே எங்கம்மா எப்பிடிக் குரல் குடுக்கும்?”

கோவிந்தம்மா பொங்கி எழுந்துவிட்டாள். “அடிப்பாவி! என் வாய்ல மண்ண அள்ளிப் போடத்தான் உன்ன கிண்டிக்கு அனுப்புனேனா? நீ சம்பளம் வாங்குற கம்பெனி செஞ்ச தப்புக்கு நான் ஏன்டி ஒதுங்கி நிக்கணும்? அந்தப் பிராங்கிளின் ஆத்தாளக் கூட்டியாந்து நிக்க வையி!”

நியாயமான கேள்வி.  கருணாகரன் கோயிலைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். மறுநாள் காலையில் ஏலம் நடந்தபோது கோவிந்தம்மா கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மணி கூவக் கூவ அவள் உதடு மட்டும் அசைந்தது. குரல் வரவில்லை. அவளோடு முப்பது வருஷமாகப் போட்டி போட்ட மீன்காரிகளே அவள் பக்கம் திரும்பவில்லை.

அன்றைக்கே பிராங்கிளின் பைக்கில் வந்தான், கோவிந்தம்மா வீட்டுக்கு, பவானியைப் பார்க்க. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தகரத் தடுப்பு. கேட்காமல் இருப்பதென்றால் நான்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

“சிஸ்டர், ஏன் இப்பிடிப் பேஜாரு பண்றீங்க? பப்ளிக் ஹாப்பியா கீறாங்க.”

“மாயா ஆஸ்பத்திரில கீறா.”

“அது கொயந்தைக்கு வீசிங். மீன் காய வெக்கிற எடத்துல டஸ்ட் இருக்கும். மெடிக்கல் கேம்ப் போட்டுடலாம். நீங்க கூட்டத்துல மேடையில குந்தி ரெண்டு வார்த்த பேசுங்க, உங்க பாஷையிலயே. உங்களுக்கு இந்த வருசம் பசுமைப் பொறியாளர் அவார்டு. யூனிட் ஹெட் சாரே ரெகமென்ட் பண்ணிக்கீறாரு.”

“டவர் எங்க?”

“செகண்ட் பேஸ்ல வரும், அடுத்த கட்டத்துல.”

“முத பேஸ்ல சொன்னது ரெண்டாவது பேஸ்ல. ரெண்டாவது வந்தா மூணாவதுல. பிராங்கிளின், நீயும் ராயபுரத்துல பொறந்தவன். உங்க சர்ச் பக்கத்துல இப்பிடி ஒரு மதில் இருந்தா உங்கம்மா அங்க குந்துவாங்களா?”

பைக் சாவி குலுங்கியது. பிறகு, “எனுக்கு ஈ.எம்.ஐ கீது சிஸ்டர்,” என்றான். பைக் சத்தம் கேட்டது.

கூட்டத்தை மஞ்சள் கேட்டு மைதானத்திலேயே வைத்தார்கள், மதிலை ஒட்டி. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கொரு மோர்ப் பாக்கெட். மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி, அவருக்கு இரண்டு பக்கமும் சின்ன அதிகாரிகள், ஓரத்தில் கம்பெனிக்கே பெரியவரான யூனிட் ஹெட். இந்த மனிதரை நாங்கள் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தோம். அதுவரை அவர் கறுப்புக் கண்ணாடிக் காராக மட்டுமே இருந்தார். விஷயம் தெரிந்துவிட்டதால் எங்கள் பெண்கள் புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கென்று மல்லியைக் கூடுதலாக வேறு திறந்துவிட்டிருந்தார்கள்.

பெரிய அதிகாரி ஆழமாக மூச்சை இழுத்தார். “பரவாயில்லையே, இண்டஸ்ட்ரியல் ஏரியா மாதிரியே தெரியல.”

யூனிட் ஹெட் அடக்கமாகத் தலையாட்டினார். பிராங்கிளின் மைக்கைப் பிடித்து மரம் நட்டது, தையல் மெஷின் கொடுத்தது, கண் பரிசோதனை செய்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். அடுத்து பவானி மேடம் பேசுவார் என்றான். பவானியின் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் எங்கே போனாள் என்று கவனித்தவள் நான் ஒருத்திதான். மதிலின் கோடியில் ஒரு பம்ப்பு ரூம் இருக்கிறது. அதற்குள் போய்விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாக வந்தாள். மதிலின் மேல் தூறல் நின்றிருந்தது.

காலைக் காற்று. கம்பெனிப் பக்கமிருந்து அடிக்கிற காற்று. முதலில் சின்ன அதிகாரி ஒருவர் மோர்ப் பாக்கெட்டை முகர்ந்து பார்த்தார், கெட்டுப்போய்விட்டதோ என்று. அடுத்தவர் தன் செருப்பைப் பார்த்தார். அப்புறம் வந்தது பாருங்கள். அழுகின பூண்டும் மண்ணெண்ணெயும். பெரிய அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். இருமினார். எழுந்தார்.

“கசிவு! ஏதோ லீக் ஆகுது! எல்லாரும் வெளியேறுங்க!”

எங்கள் பக்கம் ஒரு நாற்காலி அசையவில்லை.

“குந்து சார்,” என்றாள் சிவந்தி. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். “இன்னா அவசரம்? கருத்துக் கேக்க வந்தியே, கேட்டுட்டுப் போ.”

“எங்க புள்ளைங்க இதுலதான் சார் சோறு துன்னுது,” என்றாள் இன்னொருத்தி. “நீ மோர் கூடக் குடிக்க மாட்டியா?”

பவானி மேடையேறி மைக்கை வாங்கினாள். 

“லீக் இல்ல சார். எதுவும் ஒடையல. பிளான்டு ஒழுங்காதான் ஓடுது. தினமும் இப்பிடித்தான் ஓடுது. நான் மல்லிய மட்டும் நிறுத்தினேன். பத்து நிமிஷம் கூட உங்களால உக்கார முடியல. இதுக்கு டவர் போடலாம். வரைஞ்சு குடுத்துக் கிடக்குது. அதப் போடாம சென்ட்டு அடிச்சு, இன்னொரு பிளான்டுக்கு அனுமதி கேக்குறாங்க. என் பேர்ல கேக்குறாங்க. என் கருத்து இதான்.”

சபாஷ் என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள். யூனிட் ஹெட் நாசவேலை என்றார். பிராங்கிளின் பம்ப்பு ரூமுக்கு ஓடினான். பெரிய அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? கைக்குட்டைக்குள்ளிருந்தே தீர்ப்புச் சொன்னார்: இந்த இடத்தின் சுகாதாரச் சூழல் கூட்டம் நடத்த ஏற்றதாக இல்லை, வேறு நல்ல இடத்தில், வேறொரு நாள் கூட்டம் நடக்கும். இடம் ஏற்றதாக இல்லையாம்! கூட்டம் நடத்தவே லாயக்கில்லாத இடத்தில் குடித்தனம் மட்டும் நடத்தலாம். கார் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாளில் செய்தி வந்தது, அடுத்த கூட்டம் அண்ணா நகரில் ஒரு ஏசி மண்டபத்தில் என்று. மஞ்சள் கேட்டில் பவானியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். அவளுடைய சாப்பாட்டு டப்பாவைக்கூட வாட்ச்மேன்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தச் செய்தி வந்த மறுநாள் காலை ஏலத்தில் கருணாகரன் கோவிந்தம்மாவிடம் போய் நின்றார்.

“எந்திரி கோவிந்தம்மா. உன் பொண்ணு நமக்காக வேலயே வுட்டுட்டா. ஊர் சொல்லுது, நீ குரல் குடு.”

அவள் எழுந்திருக்கவில்லை. “டவர் நின்னுச்சா?”

“இல்ல.”

“அப்ப எனுக்கு இன்னாத்துக்குச் சலுகை? நேத்து அவள நான் திட்டாத திட்டு இல்ல. ஆனா அவ சொன்னது சொன்னதுதான்.”

மணி சங்கரா மீனைக் குவித்துப்போட்டுக் கூவ ஆரம்பித்தான். கூவினான், கூவினான், எதிர்க்குரலே இல்லை. திரும்பிப் பார்த்தால் சிவந்தி தன் கூடையைக் கவிழ்த்துக் கோவிந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் கரையில் இருந்த மீன்காரிகள் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“யம்மோவ், மீன் வீணாப் போவுது, யாரனா கேளுங்களேன்!” என்று மணி கெஞ்சினான்.

“கம்பெனிக்காரனக் கேக்கச் சொல்லு,” என்றாள் சிவந்தி.

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.  மீனை ஐஸில் கொட்டிவிட்டு, படகுகளுக்கு அடியில் தோள் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் மஞ்சள் கேட்டு ரோட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் படகுகள் கிடந்தன. கறுப்புக் கண்ணாடிக் கார் உள்ளே மாட்டிக்கொண்டது.

இந்தத் தடவை பேச்சுக்கு அனுப்ப அவர்களிடம் பவானி இல்லை; அவள் எங்களோடு படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள். அதனால் பிராங்கிளின் வந்தான். லட்டு இல்லாமல் அவன் கையை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

“தலைவரே, படக எடுத்துடுங்க. டவர் கண்டிப்பா வரும்னு யூனிட் ஹெட் சார் சொல்லச் சொன்னாரு.”

“அவரு வந்து கோயில் வாசல்ல சொல்லட்டும்,” என்றார் கருணாகரன்.

“அவரு மீட்டிங்ல கீறாரு. அவரு சார்பா நான் சொல்றேன். வாக்குன்னே வெச்சுக்கங்க.”

கோவிந்தம்மா எழுந்து சேலையை உதறினாள். பல நாள் கழித்து அவள் குரல் முழுசாக வெளியே வந்தது.

“சரி நைனா, வாக்குன்னே வெச்சுக்குவோம். எம் பொண்ணு வாக்கு குடுத்தா, அது நிக்கலன்னு நான் வாயக் கட்டிகினு குந்துனேன். அவளுக்கு வேலயே போச்சு. உங்க பெரியவரு வாக்கு நிக்காட்டி, அவரு இன்னாத்த வுட்டுட்டு ஒதுங்கி நிப்பாரு? அத மட்டும் கேட்டுகினு வா.”

பிராங்கிளின் பவானியைப் பார்த்தான். அவள் ஒன்றும் உதவி செய்யவில்லை.

“கேட்டுச் சொல்றேன் ஆண்டி,” என்று உள்ளே போனான். கேட்டு மூடிக்கொண்டது.

இங்கே பெண்கள், யூனிட் ஹெட் எதை விடலாம் என்று அவருக்காக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏசியை விடலாம் என்கிறாள் ஒருத்தி. காரை விடலாம் என்கிறாள் இன்னொருத்தி. ஒரு மாசம் மாயாவின் தூளிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கட்டும் என்கிறாள் சிவந்தி. இதுவரை வந்ததில் அதுதான் நல்ல யோசனை என்று ஊர் ஒத்துக்கொண்டிருக்கிறது. பிராங்கிளின் இன்னும் வெளியே வரவில்லை.